இடது பின் ஸ்பீக்கர்

என் அக்காவின் கணவர் எடை அளவுத் துறையில் ஆய்வாளர். கடை கடையாக ஏறி இறங்கி, தன் பித்தளைக் கல்லைத் தராசில் வைத்துப் பார்ப்பது அவர் வேலை. முள் மயிரிழை விலகினாலும் கடைக்காரர் தொலைந்தார். அதனால் கடைத்தெருவில் அவருக்கு 'மயிரிழை' என்றே பெயர். காதுபடவே சொல்வார்கள். அத்தானும் அதை ஏதோ விருது கொடுத்தது போல எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடப்பார்.

வீட்டிலும் அதே கெடுபிடிதான். கல்யாணமான புதிதில் கேமரா வாங்கினார். வெளிச்சத்தை அளந்து, தூரத்தை அளந்து, அக்காவின் முகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் படம் பிடித்தார். பிறகு மீன் தொட்டி வந்தது. தண்ணீரின் சூட்டை வேளாவேளைக்கு அளந்து, அத்தனை மீன்களையும் கச்சிதமாகப் பரலோகம் அனுப்பினார். இந்த வருஷம் ஸ்பீக்கர்.

ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், நடுவில் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் ஒரு ஆம்ப்ளிஃபையர். "வீட்டுலயே தியேட்டர்ல உக்காந்த மாதிரி இருக்கும் பாரு" என்றாராம். அதற்குப் பதில் ஒரு தடவை தியேட்டருக்கே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்று அக்கா நினைத்திருக்கிறாள்.

எல்லா ஸ்பீக்கரின் சத்தமும் ஒரே நேரத்தில் வந்து சேரும் இடம் ஹாலில் ஒன்றே ஒன்றுதான் உண்டாம். அந்த இடத்தில் ஒற்றை நாற்காலி போடப்பட்டது. சோபா சத்தத்தை விழுங்குகிறது என்று குற்றம் சாட்டப்பட்டு பால்கனிக்கு நாடு கடத்தப்பட்டது. சுவர்க் கடிகாரம் அலமாரிக்குள் போனது. ஃபிரிட்ஜ் முனகுகிறது என்று அதை அணைத்து வைத்ததில் பால் திரிந்தது.

சப்வூஃபருக்கு வாய் கிடையாது, உறுமல் மட்டும்தான். அதை எந்த மூலையில் வைப்பது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறதாம். பெட்டியை நாற்காலியில் உட்கார வைத்து உறும விட்டுவிட்டு, மனிதன் தரையில் தவழ வேண்டும். எங்கே உறுமல் தெளிவாகக் காதில் விழுகிறதோ அங்கே பெட்டியை வைக்க வேண்டும். ஊரையே நடுங்க வைக்கும் ஆய்வாளர், அரைக்கால் சட்டையோடு, பிருஷ்டத்தை மேலே தூக்கிக்கொண்டு மூலை மூலையாகத் தவழ்ந்தார்.

அந்த நேரத்தில்தான் அக்கா டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"என்னங்க, இடது காது நேத்துலேர்ந்து சுத்தமா கேக்கல. தலையும் சுத்துது. காது டாக்டர்கிட்ட உடனே போகச் சொல்றாங்க. தள்ளிப்போட்டா அப்புறம் திரும்பவே திரும்பாதாம். கூட யாராவது வரணும்னு சொன்னாங்க."

அத்தான் தரையிலிருந்தபடியே கையை உயர்த்தினார். "ஷ்ஷ்! ஒரு நிமிஷம். இப்பதான் பிடிபடுது."

அந்த ஒரு நிமிஷம் ஒரு வாரத்துக்கு மேல் ஓடியது. நாளைக்குப் போகலாம், ஒயரிங் முடியட்டும் என்பார். மறுநாள் கேட்டால், மைக் வைத்து அளந்துகொண்டிருக்கும்போது பேசாதே என்பார். தலைசுற்றலோடு தனியாகப் பஸ் ஏற அக்காவுக்குப் பயம். எனக்குப் போன் செய்து சொல்லவும் மனசில்லை, புருஷனை விட்டுக்கொடுக்க மாட்டாளே மகராசி! இந்தக் குணத்தை நினைத்தால் எனக்கு அத்தான் மேல் வருவதைவிட அதிகமாக அவள் மேல்தான் கோபம் வருகிறது.

சனிக்கிழமை நான் எதேச்சையாகப் போனபோது வெள்ளோட்டம் நடந்துகொண்டிருந்தது. நாற்காலியில் அக்கா. "என் காது பழகிப்போச்சு. புதுக் காதுதான் சரியாச் சொல்லும்" என்று அவளைப் பிடித்து உட்கார வைத்திருந்தார். ஒவ்வொரு ஸ்பீக்கராக 'புஸ்ஸ்' என்று ஓட விட்டார்.

"இது பின்னாடி இடது. எந்தப் பக்கம் கேக்குது?"

"வலது பக்கம்."

"நல்லாக் கேளு."

"வலது பக்கம்தாங்க."

வலதும் இடதும் மாறிவிட்டது என்று முடிவு கட்டி, ஸ்டூலில் ஏறி ஒயர்களைப் பிடுங்கி மாற்றிச் செருகினார். மறுபடி புஸ்ஸ். "இப்ப?"

"இப்பவும் வலது பக்கம்தான் கேக்குது. நான்தான் சொன்னேனே, என் இடது காது..."

"காதை விடு. ஸ்பீக்கரைச் சொல்லு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "காதுக்கு என்னக்கா?" என்றேன். அவள் குனிந்த தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னாள். அத்தான் அதற்குள் கம்பெனிக்குப் போன் போட்டு, "மாத்திக் குடுத்தும் வலதுலயே வருது சார், ஆம்ப்ளிஃபையர்லதான் கோளாறு" என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். "ரெண்டு பேரும் கிளம்பிட்டா யாரு உக்காந்து கேக்கறது?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

காது டாக்டர் அவளைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். வலது காதுக்கு டக் டக்கென்று அழுத்தினாள். இடது காதுக்கு வந்ததும் பொத்தான் மேல் விரலை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க? உடனே வந்திருந்தா நல்ல நம்பிக்கை இருந்திருக்கும். இப்ப மருந்து தரேன். கொஞ்சம் திரும்பி வந்தாலே பெரிய விஷயம்" என்றார் டாக்டர். "வீட்டுல யாருமே கவனிக்கலையா?"

"கவனிச்சார் டாக்டர்" என்றாள் அக்கா. "ஒயரை மாத்திப் பார்த்தார்."

டாக்ஸியில் திரும்பும்போது அவள் போன் அடித்தது. அத்தான்தான். கம்பெனியிலிருந்து ஆள் வரப்போவதையோ என்னவோ மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தபடி இருந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நடு நடுவே "ம்" போட்டாள். கடைசியில் "சரிங்க" என்றாள்.

போனை இடது காதில் வைத்திருந்தாள்.