ஆளா, மிஷினா?

ஆன்டிவைரஸ் கம்பெனிக்கு வரும் விமர்சனங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. திருநின்றவூரில் ஒரு வாடகை வீட்டில் தனியாக உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களிடம் நாள் முழுக்க வருத்தம் தெரிவிப்பேன்.

இன்று காலை, கவரைப்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவர் ஒற்றை ஸ்டார் கொடுத்திருந்தார். கம்ப்யூட்டர் முழுக்க வைரஸாம். எடுத்த கல்யாணப் படங்களைக் காணோமாம்.

வழக்கமான பதிலைப் போட்டேன்.

"எல்லாருக்கும் இதே பதில்தானா? நீ ஆளா, மிஷினா?" என்று எழுதினார்.

அவர் போன் நம்பரை வாங்கி நானே கூப்பிட்டேன்.

"ஆளுதான் சார்."

"அப்போ வழி சொல்லும்மா. பொண்ணு ஊட்டுக்காரங்க சாயந்தரம் வந்து நிப்பாங்க."

நான் சொல்லச் சொல்ல அவர் செய்தார். வைரஸ் மறைத்து வைத்திருந்த படங்கள் மதியத்துக்குமேல் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"வந்துடுச்சும்மா!" என்று கத்தினார். பிறகு, "காலையிலேர்ந்து பேசிக்கினே கீறியே, நாஷ்டா துன்னியா?" என்றார்.

இல்லை என்றேன். இந்த வீட்டுக்கு வந்த பிறகு என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவசரமாகப் போனை வைத்துவிட்டேன்.

சற்றுமுன் ஐந்து ஸ்டாராக மாற்றி எழுதியிருக்கிறார்: "நல்ல பொண்ணு. சாப்பிடாம வேலை செய்யுது. கம்பெனிக்காரங்க கொஞ்சம் பாத்துக்குங்க."

கம்பெனி சார்பில் இதற்கும் நான்தான் பதில் போட வேண்டும். என்ன எழுதட்டும், சொல்லுங்கள்.