சவர்க்காரம் பூசிய விரல்

அப்பா இரண்டு கரண்டி கஞ்சி குடித்ததும், தேறிவிட்டார் என்று நம்பிக் கொழும்பு பஸ்ஸில் சீற் புக் பண்ணிய மடையன் நான். டொக்டர்கள் கைவிட்ட பிறகு, பாலையூற்று வீட்டில் அவரைப் பராமரிக்க ஒரு அக்கா வந்திருந்தார். மெலிந்த உருவம்; மூக்குக்கண்ணாடியைக் கறுப்பு நூலில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். தினமும் காலையில் புறங்கையால் அப்பாவின் பாதங்களைத் தொட்டுப் பார்ப்பார். என்ன தெரிந்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை. என் பகிடிகளுக்கும் சிரித்ததில்லை. பகிடிதான் சரியில்லை என்று எண்ணியிருந்தேன்.

அன்று அவர் கை பாதங்களில் கொஞ்சம் கூடுதலாக நின்றது. நான் பையோடு விடைபெறப் போனபோது, அப்பாவின் விரலில் சவர்க்காரம் பூசி, கலியாண மோதிரத்தை மெல்லக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, அப்பாவுக்குப் புதுப் பொம்பிளை பாத்திட்டீங்களோ?" என்றேன்.

நிமிராமலே சொன்னார்: "பிறகு கழட்ட ஏலாது, தம்பி."