கப்பலேறாத மணிலா

சூசைநாதன் உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளித்துக்கொண்டிருந்தார். முதலியார்பேட்டையில் அந்தத் தெரு முழுக்கக் கேட்கும் சத்தம் அது. பிறகு வாயில் வைத்துக் கூவும் தகரக் குழலை வேட்டி நுனியால் துடைத்து சைக்கிளில் மாட்டினார். வாயில் ஒரு கிராம்பு. இனி ஊர் போய்ச் சேரும்வரை என்ன கேட்டாலும் தலையசைப்புதான். பத்திரிகைக்கு எழுதக் கூடப் போன எனக்கோ வாய் சும்மா இருக்காது. நானே கேட்டு நானே பதிலும் சொல்லிக்கொண்டு கூடவே மிதித்தேன்.

பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து ஊர் ஊராக அறிவிப்புச் சொல்கிறவர். வரி கட்டும் நாள், அம்மை குத்தும் நாள், காணாமல்போன மாடு. "நான் சொன்னது எதுவும் பொய்யாப் போனதில்ல, முசியே" என்பார், என்னைப் பிரெஞ்சு மரியாதையில் அழைத்து. கொஞ்சம் தற்பெருமைதான், இருக்கட்டுமே.

போன வருஷம் விவசாய இலாகா ஒரு புது அறிவிப்பைக் கொடுத்தது. பெருங்கொட்டை மணிலா, அதாவது பெரிய பருப்பு வேர்க்கடலை, போடுங்கள், அயல்நாட்டார் வறுத்துத் தின்ன ஆசைப்படுகிறார்கள், கப்பலில் போகும், நல்ல விலை கிடைக்கும். பாகூர்ப் பக்கம் கண்ணையன் அதைச் சூசைநாதன் வாயால் கேட்டு, இருந்த நிலம் பூராவும் போட்டார். மணிலா நன்றாகவே விளைந்தது. வாங்குகிறவர்தான் வரவில்லை. உள்ளூர்ச் செக்குக்காரரும், இதில் எண்ணெய் கம்மி என்று கையை விரித்துவிட்டார்.

எத்தனை ஊரில் பிரசாரம் செய்தோம் என்று இலாகாவில் வாய் நிறையச் சொல்கிறார்கள். எத்தனை மூட்டை கப்பலேறியது என்று கேட்டேன். காபி சாப்பிடுகிறீர்களா என்றார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

நாங்கள் போனபோது கண்ணையன் திட்டவில்லை. அவர் மனைவி தனக்கொடி வேகவைத்த மணிலாவை முறத்தில் கொண்டுவந்து வைத்தார். "தின்னுங்கண்ணே. எங்க வூட்ல மூணு வேளையும் இதான். புள்ளைங்க இத்தக் கண்டாலே ஓடுதுங்க."

"இந்த வருசம் என்னாண்ணே போடச் சொல்றாங்க?" என்று கண்ணையன் கேட்டார். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார்.

சூசைநாதன் எழுந்து வெளியே வந்தார். "நாலு வார்த்த திட்டியிருந்தா தேவல, முசியே. இன்னும் என் பேச்ச நம்புறாரே மனுசன்" என்றார்.

இந்த வருஷமும் அதே பெருங்கொட்டை, அதே கப்பல். அதை இந்த ஊரிலும் சொல்லியாக வேண்டும். சொன்னாரா என்று இலாகா ஆள் வந்து விசாரிப்பார். சொன்னால் கண்ணையன் மறுபடி விதைத்துவிடுவார்.

ஏரிக்கரை மேட்டில் ஏறிச் செருமினார். கண்ணையன் வாசலுக்கு வந்து காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். சூசைநாதன் அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு ஊருக்கு முதுகைக் காட்டி, குழலை ஏரிப் பக்கம் திருப்பி, அறிவிப்பை ஒரு எழுத்து விடாமல் தண்ணீருக்குச் சொல்லி முடித்தார்.