கைமாறிய விமானக் கம்பனியில் எங்கள் அப்பா

காரைநகரில் பிறந்து, நோர்வேயின் வடகோடியில் உழைத்து, லண்டன் செவன் கிங்ஸில் கண்மூடிய எங்கள் அப்பாவைப் பற்றி மகளாகிய நான் எழுத வேண்டியவற்றில் ஒன்று, அவரது இறுதிக் கிரியையன்றுதான் எனக்கே தெரியவந்தது.

போர் துரத்த நோர்வேக்குப் போன அப்பா முதலில் வடகோடிச் சிற்றூர் ஒன்றின் மீன் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றார். பிறகு அந்தச் சிற்றூரின் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றினார். வேலை முடிந்தபின் அந்நாட்டு மொழியிலேயே படித்து விமானத் திருத்துநரானார். அயலூர்களுக்குப் பறக்கும் சின்ன விமானங்கள் அவை. கம்பனி அப்போது உள்ளூர்க் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தம். முதலாளியே ஓடுபாதையில் பனி வழிப்பாராம்.

எங்கள் படிப்புக்காக அம்மா எங்களுடன் லண்டன் வந்தார். அப்பா பின்னால் வருவதாக ஏற்பாடு. அந்த ஆண்டே பெரிய விமான நிறுவனம் ஒன்று கம்பனியை வாங்கியது. “கைமாறி முடியட்டும் பிள்ளை, வந்திடுறன்” என்றார். அந்நிறுவனம் முதலீட்டாளர்களிடம் விற்றது; அவர்கள் இன்னொருவரிடம் விற்றார்கள். ஒவ்வொரு முறையும் விமானத்தின் வால் நிறம் மாறியது, அப்பாவின் மேற்சட்டை மாறியது, ஆட்கள் குறைந்தார்கள். கடைசியில், விமானம் பறக்கலாம் என்று கையெழுத்திடும் உரிமை அங்கே அப்பா ஒருவருக்கே இருந்தது. லீவு கேட்டால் மாற்று ஆள் இல்லை. அவருடைய அனுமதிப்பத்திரமோ அந்த வகை விமானத்துக்கு மட்டுமானது. “இந்த வயதிலை வேறை ஆர் என்னை எடுக்கப்போறாங்கள்?” என்பார். முன்னால் கடல், பின்னால் மலை, நடுவில் அவரது ஒற்றை அறை.

அம்மாவுக்கு வருத்தம் முற்றி, டொக்டர்கள் கைவிரித்த கிழமை, அப்பா எப்படியோ லீவு வாங்கி, காலை விமானத்தில் இடம் எடுத்தார். பனிச்சரிவு வீதியை மூடியிருந்ததால் ஊரைவிட்டு வெளியேற வேறு வழியில்லை. புறப்பட வேண்டிய அன்று காலை அவரிடமிருந்து போன் வந்தது.

“பிளேன் பழுது பிள்ளை. இண்டைக்கு வர ஏலாது.”

“அம்மா உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறா, அப்பா.”

“ஓம்... தெரியும்.”

மறுநாள் மாலை அவர் வந்தபோது அம்மா இல்லை. “பிளேனோடையே வாழ்ந்து என்ன பிரயோசனம், அப்பா?” என்று உறவினர் முன்னிலையில் கேட்டேன்.

பின்பு கம்பனி மறுபடியும் கைமாறியது. புதியவர்கள் அந்த நிலையத்துச் சேவையையே நிறுத்தினார்கள். அப்பா செவன் கிங்ஸுக்கு வந்தார். அதற்குள் முழங்கால்கள் போய்விட்டன. லிப்ட் இல்லாத இரண்டாம் மாடி பிளாட். “அங்கை பனி, இஞ்சை படி” என்று சிரிப்பார். நான் சாப்பாடு கொண்டுபோவேன். அந்தக் காலையைப் பற்றி நாங்கள் பேசியதேயில்லை.

இறுதிக் கிரியைக்கு வந்திருந்த முதிய நோர்வேக்காரர்தான் அந்தக் காலை விமானத்தின் விமானி. இடது எஞ்சினில் அப்பா எண்ணெய்க் கசிவைக் கண்டாராம். தலைமையக மேலாளர் போனில், “நேற்றும் இப்படியே பறந்ததுதானே, கையெழுத்தைப் போடு. நீயும் போக வேண்டுமல்லவா?” என்றாராம்.

“நானும் பறக்கத் தயாராகத்தான் நின்றேன்” என்றார் விமானி. “உன் அப்பா பேனாவை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார். ‘இதில் மற்றவர்களும் இருக்கிறார்கள்’ என்று வைத்துவிட்டு, வெளியே போய்ப் பனிக்குள் நின்று அழுதார்.”

அப்பாவைத் தூக்கிப் படியிறக்கிய, அயலூரான குட்மேய்ஸ் நண்பர்களுக்கும், பராமரித்த தாதியருக்கும், கிரியைகளில் தோள்கொடுத்த உறவினருக்கும், இத்தனை தூரம் வந்து உண்மையைச் சொன்ன அந்த விமானிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. உறவினரே, அன்று உங்கள் முன்னிலையில்தான் அப்பாவை அப்படிக் கேட்டேன். இன்று உங்கள் முன்னிலையிலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.