டிட்டாச்மெண்ட் என்றால் மாற்றல் இல்லை

"அந்துவான் ஐயாவுக்கு அட்மிஷன் போட்டாச்சா?" என்று டாக்டர் கேட்டபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் என் மேஜைக்கு வரவே இல்லை!

லாஸ்பேட்டை பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரியில் கவுன்சிலராக இருந்தேன். டாக்டர் சொன்னதை நோயாளிக்கு விளக்கி ஆபரேஷனுக்குத் தயார் செய்வது என் வேலை. இரண்டாயிரத்தின் தொடக்கம், எல்லார் கையிலும் செல்போன் வராத காலம். அந்துவான் ஐயா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் சொல்தா என்போம். ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணிலும் ரெடினா டிட்டாச்மெண்ட், அதாவது விழித்திரை பிரிந்துகொண்டிருந்தது. நடுப்பகுதி மட்டும்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவும் பிரிந்தால் எதிரில் நிற்பவர் முகம்கூடத் தெரியாது.

"டிட்டாச்மெண்ட் ஐயா, இன்னிக்கே, டிலே பண்ணக்கூடாதுன்னு சொன்னேன். புரிஞ்சுதுன்னு விறைப்பா எழுந்து போனாரே!" என்றார் டாக்டர்.

"பெட்டி எடுக்க வீட்டுக்குப் போறேன்னு ஆட்டோ ஏறிட்டாரு மேடம்" என்றார் வாட்ச்மேன்.

ஸ்கூட்டியை எடுத்தேன் பாருங்கள், அப்படி ஒரு வேகம் அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போனதில்லை. நல்லவேளை, பெரிய மார்க்கெட் நெரிசலில் ஆட்டோ மாட்டிக்கொண்டு நின்றது. வண்டியைக் குறுக்கே விட்டேன்.

"எங்க போறீங்க ஐயா?"

"டாக்டர் தெத்தாஷ்மான் போட்டுட்டாரேம்மா! வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பறாரு. மாத்துத்துணி எடுக்க வேணாமா? பட்டாளத்துல இந்த மாதிரி எத்தினி பாத்திருக்கேன்!"

பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு, ஆளை வேறு இடத்துக்குப் பிரித்து அனுப்புவது என்றும் பொருளாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, பதற்றமும் வந்தது.

"போறது நீங்க இல்லய்யா, உங்க கண்ணு! உள்ள இருக்கிற திரை, செவுத்துல பெயிண்ட் உரியற மாதிரி உரிஞ்சிக்கினு வருது. இன்னிக்கே ஒட்டணும்!"

நான் டிரைவரிடம் சொல்வதற்குள் கூடையோடு நின்ற மீன்கார அம்மா கத்தினார்: "இன்னா பாத்துக்கினு நிக்கற? ஆட்டோவத் திருப்புப்பா!"

சுற்றி நின்றவர்கள் எல்லாம் வழிவிட்டார்கள். "பள்ளத்துல விடாதீங்கண்ணே" என்று டிரைவரைக் கெஞ்சிக்கொண்டே பின்னால் வந்தேன். அன்று சாயங்காலமே ஆபரேஷன் நடந்தது.

இன்னொரு முறை ரிட்டையர்டான ஒரு பேராசிரியை இதே சொல்லைக் கேட்டு மகிழ்ந்தே போனார். "டிட்டாச்மெண்டா? எதுலயும் பற்று இல்லாம இருக்கத்தாம்மா இத்தனை வருஷமா தியானம் பண்றேன்!"

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: "புரிஞ்சுது" என்று நோயாளி தலையாட்டினால் நம்பாதீர்கள். என்ன புரிந்தது என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். எங்கள் டாக்டரும் அந்தப் பழக்கத்துக்கு வந்துவிட்டார்.

சில வாரம் கழித்து அந்துவான் ஐயா ரெவ்யூவுக்கு வந்தார். டாக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "ரெடினா நல்லா அட்டாச் ஆயிடுச்சு. நான் என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்?" என்றார்.

ஐயா நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"அத்தாஷே! இந்தக் கண்ணுக்கு இனிமே எங்கிட்டதான் டியூட்டி!"