கோட்டுக்கு வெளியே தண்ணீர்

கொரட்டூர் ஏரிக்கரைச் சேரியில் பிறந்த கன்னியப்பனுக்கு இந்த உலகத்தில் பிடித்த இடம் ஒன்றே ஒன்றுதான்: சுண்ணாம்புக் கோடு போட்ட பாஸ்கட்பால் மைதானம். யுத்த காலத்தில் ஆவடி ராணுவ டிப்போவில் பெட்டி இறக்கப் போனவனை, அங்கே குமாஸ்தாவாக இருந்த சம்பத்துதான் கொரட்டூர் டீமில் விளையாட இழுத்துவந்தான். சம்பத் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை. ஆனால் கோட்டுக்குள்ளே இவன் அவனை வாய் நிறைய ‘சம்பத்து’ என்று பேர் சொல்லிக் கூப்பிடலாம். இவன் வியர்வை அவன் தோளில் ஒட்டினாலும் யாரும் முகம் சுளித்ததில்லை. கன்னியப்பன் அதற்காகவே ஆடினான் என்று சொன்னால் தப்பில்லை.

ஆட்டத்தை நிறுத்தி மூச்சு வாங்க விடும் டைம் அவுட் வந்தால்தான் தொல்லை. மற்ற நாலு பேரும் கோட்டுக்குள்ளேயே வைத்திருக்கும் பானையில் மொண்டு குடிப்பார்கள். இவன் கோட்டைத் தாண்டி, லாரி கழுவும் குழாய்வரை ஓடிக் குடித்துவிட்டு வருவான். போ என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

அந்த வருஷக் கடைசிப் போட்டிக்குப் பட்டணத்திலிருந்து ஜெயராமன் என்றொரு ரெப்ரி வந்திருந்தார். தூக்கத்திலும் ரூல் பேசுகிற ரகம். ஒரு பாயின்ட் பின்தங்கியிருந்தபோது கேப்டன் சம்பத் டைம் அவுட் கேட்டான். கன்னியப்பன் வழக்கம்போல ஓடினான். திரும்பி வருவதற்குள் விசில் ஊதியாகிவிட்டது. ரெப்ரி கையை நீட்டி மறித்தார்.

“என்கிட்ட சொல்லாம வெளியே போனவர் திரும்ப உள்ளே வரக்கூடாது. அதுதான் ரூல்.” பிறகு மனசு கேட்காமல் சம்பத்தின் பக்கம் திரும்பினார். “ஞாயமான காரணம் இருந்தா சொல்லுங்க, விட்டுடறேன். எதுக்குப் போனார்?”

சம்பத் பானையைப் பார்த்தான். கூட்டத்தில் முன்னால் நின்றிருந்த தன் அப்பாவைப் பார்த்தான்.

“தெரியாது சார்” என்றான்.

அத்தனை பேர் முன்னால் அதைத் தன் வாயால் சொல்லக் கன்னியப்பனுக்கும் நா எழவில்லை. ரெப்ரியை என்ன குறை சொல்வது? யாராயிருந்தாலும் அவர் அதையேதான் சொல்லியிருப்பார். மாற்று ஆள் இல்லாமல், நாலு பேரோடு ஆடிக் கொரட்டூர் தோற்றது. தோற்றது பெரிதில்லை. சம்பத் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் நெஞ்சில் தைத்துவிட்டது.

மறுவாரம் சம்பத் சேரி முனைக்கே தேடி வந்தான். அவன் முகமும் வாடித்தான் கிடந்தது.

“இன்னா கன்னியப்பா, கோவமா கீறியா? அன்னைக்கு எங்கப்பா நின்னுகினு இருந்தாரு, வாய் வரல. இனிமே நீ வெளிய ஓடவே வேணாம். இத்தப் பாரு.” பையிலிருந்து புது எனாமல் குவளை ஒன்றை எடுத்து நீட்டினான். “உனக்குன்னே தனியா வாங்கியாந்தேன். கோட்டுக்குள்ளயே ஊத்திக் குடுத்துடுவோம்.”

அந்தப் பேச்சில் கொஞ்சமும் கபடமில்லை. கன்னியப்பனால் தாங்க முடியாமல் போனது அதுதான். இத்தனை நாள் கோட்டுக்கு வெளியே நின்ற அந்தத் தீட்டு, இனி உள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

குவளையை வாங்கிப் பார்த்தான். வேட்டி முனையால் துடைத்து, சம்பத்தின் பையிலேயே திரும்ப வைத்தான்.

“டிப்போல வேல கீதுங்க ஐயா” என்றான்.