நீள லென்ஸும் ஆபீஸ் நாற்காலியும்

போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில், லேடீஸ் சீட் என்கிற மலைமுனையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். சேலத்திலிருந்து வந்திருந்த இளம் ஜோடி ஒன்று செல்போனை என் கையில் கொடுத்து, ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னது. வாங்கியதும் நான் பின்னால் நடக்க ஆரம்பித்தேன். வேர்க்கடலைக்காரரைத் தாண்டி, குரங்குகளையும் தாண்டிப் போனபோது அந்தப் பெண் கலவரமாகக் கேட்டாள்: “அங்கிள், போனைத் தூக்கிட்டு எங்க போறீங்க?”

திருட்டு இல்லை, பழக்கம். என் முதல் கேமராவுக்கு எவ்வளவு தூரம் பின்னால் போனாலும் போதாது. போதாது என்பது எனக்குத் தெரிந்திருக்கவும் இல்லை. அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் உதவி ரைட்டர், அதாவது ஆபீஸ் குமாஸ்தா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று லைன் வீடுகளில் இருந்த தொழிலாளர்கள் நம்பினார்கள். நான் அவர்களைவிட உறுதியாக நம்பினேன். அம்மா சீசனில் காப்பிப் பழம் பறிப்பாள். மற்ற நாட்களில் நான் உட்கார்ந்து எழுதும் அதே ஆபீஸைக் கூட்டுவாள். அவள் கூட்டும்போது நான் காலைத் தூக்கிக்கொள்வேன். உத்தியோகம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் லைனில் போட்டோ என்றால் சாவு. யாராவது இறந்தால் ஏற்காடு பஜாரிலிருந்து ஸ்டுடியோக்காரர் ஜீப்பில் வருவார். உடம்பைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, சாயாமல் துண்டால் கட்டி, ஒரு நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுப்பார். அதற்காக மேனேஜர் உட்காரும் கைவைத்த பிரம்பு நாற்காலியையே ஆபீஸிலிருந்து கொடுத்தனுப்புவார்கள். உயிரோடிருந்தவரை அதன் அருகில்கூட உட்காராதவர்கள் அன்று ஒருநாள் மட்டும் அதில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இதை எஸ்டேட்டின் பெருந்தன்மை என்று தலைமை ரைட்டர் சொல்லுவார். அப்பாவுக்கும் அந்தப் பெருந்தன்மை கிடைத்தது. அவருக்கென்று இருக்கும் ஒரே படத்தில் கண் மூடியிருக்கும்.

அம்மாவையாவது கண் திறந்தபடி ஒரு படம் எடுத்துவிட வேண்டும். எனக்குக் கேமரா ஆசை வந்ததே அதனால்தான். ஸ்டுடியோவுக்குப் போகலாம் வா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். பறித்த பழத்தில் காயைப் பொறுக்கிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்: “நா இன்னும் உசுரோடதான சாமி இருக்கறேன். அதுக்குள்ள என்ன அவசரம்?”

அப்போதெல்லாம் எஸ்டேட்டை விற்றுவிட்டுப் போகிறவர்கள் பங்களாச் சாமான்களை வராந்தாவில் பரப்பி விற்பார்கள். அப்படி ஒரு விற்பனையில், சூப் கிண்ணங்களுக்கும் குடைகளுக்கும் நடுவில் அந்த ரஷ்யக் கேமரா இருந்தது. இந்த வகைக் கேமராவில் லென்ஸ் பார்ப்பது ஒன்று, நாம் பார்ப்பது வேறொன்று. நாம் பார்க்க லென்ஸுக்கு மேலே ஒரு சின்ன ஜன்னல். அதில் ஆள் இரண்டிரண்டாகத் தெரிவார். லென்ஸைத் திருகத் திருக இரண்டும் நகர்ந்து ஒன்றாகும். ஒன்றாகிவிட்டால் படம் துல்லியம்.

லென்ஸ்கள் மூன்று இருந்தன. எனக்கு ஒன்றுதான் கட்டுப்படியாகும். பட்டன் மாதிரித் தட்டையாக ஒன்று, சாதாரணமாக ஒன்று, இடிக்கும் உலக்கை மாதிரி நீளமாக ஒன்று. சாதாரண லென்ஸை வாங்கு என்று ஸ்டுடியோக்காரர் முன்பே சொல்லியிருந்தார். ஏற்காடு பஸ் கண்டக்டர், எது கனமோ அதை வாங்கு என்றார். நூலகத்தில் கேமரா பற்றி இருந்த இங்கிலீஷ் புத்தகம் என்ன சொன்னது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் விற்பனைக்கே போயிருந்தேன்.

நீளத்தை எடுத்தேன். அம்மா கேமராவைக் கண்டால் ஓடிவிடுவாள், தூரத்தில் நின்றே பிடித்துவிடலாம் என்பது என் கணக்கு. சாமான்களை விற்றுக்கொண்டிருந்த பங்களா அம்மாள் தீப்பெட்டி அளவில் ஒரு கருப்புக் குழாயையும் நீட்டி, நீள லென்ஸ் போட்டால் இதைக் கேமராவின் தலையில் செருகி, இதன் வழியாகப் பார்க்க வேண்டும் என்றார். “கேமராவுலயே ஒரு ஜன்னல் இருக்குதுங்களேம்மா” என்றேன், படித்தவன் தோரணையில். அவர் குழாயை ஸ்பூன் தட்டிலேயே திரும்பப் போட்டுவிட்டார்.

அந்த வாரமே எங்கள் மேனேஜருக்குப் பிரிவுபசாரம். குரூப் போட்டோ எடுக்கும் பொறுப்பு என்னுடையது. யார் எங்கே உட்காருவது என்பதில் தலைமை ரைட்டருக்கும் பெரிய மீசை வைத்திருந்த கண்டக்டருக்கும் (பஸ் கண்டக்டர் இல்லை, தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர்) பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்தது. தலைமை ரைட்டர் முடிக்கு மை பூசி, கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்.

அன்றைக்கென்று பனிமூட்டம். ஜன்னலில் எதுவும் ஒன்று சேரவில்லை, சேர்வதற்கு விளிம்பு வேண்டுமே. நடுவில் காலியாகக் கிடந்த மேனேஜர் நாற்காலியின் முதுகுக்கட்டை மட்டும்தான் நேர்கோடாகத் தெரிந்தது. அதை வைத்துச் சரிசெய்தேன். நாற்காலி பனியில் நனைந்திருந்தது.

“ஏம்மிணி, சேரைத் தொடச்சுட்டு அப்படியே ஓரமாப் போயி நின்னுக்க” என்றார் தலைமை ரைட்டர். அம்மா வந்து முந்தானையால் துடைத்தாள். புது பிலிம் போட்டால் ஓரிரு தடவை வீணாகச் சொடுக்கித் தள்ள வேண்டும். நாற்காலியைப் பார்த்தபடியே அதைச் செய்தேன். பிறகு மேனேஜர் வந்தார். எல்லாரும் தெரியும்படி பின்னால் நடந்து நடந்து போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.

பிரிண்ட் போட்டுவிட்டு ஸ்டுடியோக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதுதான் வலித்தது. எந்த லென்ஸைப் போட்டாலும் அந்த ஜன்னலில் காட்சி மாறாதாம். நீள லென்ஸ் அதில் நடுப்பகுதியை மட்டும்தான் பிடிக்குமாம். குரூப் போட்டோவில் மேனேஜர் முழுசாக இருந்தார். தலைமை ரைட்டரில் ஒரு கை வந்திருந்தது. எஸ்டேட்டில் மிச்சம் யாருமே இல்லை.

தலைமை ரைட்டர் படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏந் தம்பி, என்ர கோட்டுக் கை வந்திருக்குது. நா எங்க?”

மேனேஜருக்குப் படம் ரொம்பப் பிடித்துப்போனது. அவர் எஸ்டேட்டைப் பார்த்த விதமும் அதுதானே.

வீணாகச் சொடுக்கியதில் ஒரு படமும் பிரிண்டாகி வந்திருந்தது. இடதுபுறம் வெளிச்சம் பட்டு வெளுத்திருந்தது. மீதியில் நாற்காலி. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு அம்மா, என் பக்கம் நிமிர்ந்து, கண்ணைத் திறந்து பார்க்கிறாள். வீட்டில் காட்டினேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “சேரு காலியாக் கெடக்குதே சாமி” என்றாள்.

அவள் இறந்தபோது நாற்காலி கேட்டு யாரும் ஆபீஸுக்குப் போகவில்லை. படம் இருந்தது.

நீள லென்ஸுக்குள் மலை ஈரம் புகுந்து பூஞ்சை பூத்துவிட்டது. பிலிம் கேட்டால் பஜாரில் வயதைக் கேட்கிறார்கள். ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். லைன் வீடுகளை இடித்துக் காட்டேஜ் கட்டியாயிற்று, ஆபீஸ் இப்போது ரிசார்ட்டின் வரவேற்பறை. போன மாதம் எட்டிப் பார்த்தேன். அந்த நாற்காலி அங்கேதான் இருக்கிறது. ‘தயவுசெய்து உட்கார வேண்டாம்’ என்று பக்கத்தில் ஒரு பலகை.

தூசி இல்லாமல் பளபளவென்று இருந்தது. இதை யார் துடைக்கிறார்கள் என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன்.

“காலைல ஒரு அம்மா வருவாங்க சார். பேரு தெரியலைங்க.”